முதல் மழையும் மேய்ச்சல் நிலமும்: தழைச்சத்தின் நீர்வழி

செஞ்சி வட்டாரத்தில் பாறை மறைந்து கிடக்கும் பொருளன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய குன்றுகளை மதிலால் இணைத்துக் கோட்டை எழுப்பியவர்களும், தளவானூர்க் குன்றைக் குடைந்து ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சத்ருமல்லேசுவரம் என்னும் கோயிலை ஆக்கிய பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனும் நம்பியது இக்கருங்கல்லின் உறுதியையே. கட்டடத்திற்கு நன்மையாக அமைந்த அதே உறுதி, நிலத்தடி நீருக்குக் குறுகிய எல்லையை வகுத்துவிடுகிறது. வயலுக்கும் மேய்ச்சல் தரைக்கும் கீழே சிறிது ஆழத்திலேயே பாறை தொடங்கிவிடுவதால், மழைநீர் தங்குவதற்கு வாய்த்த இடங்கள் மேலே உள்ள செம்மண்ணும் சரளையும், அவற்றின் அடியில் உக்கிப்போன பாறைப் படலமும், அதற்கும் கீழே ஓடும் விரிசல்களும் மட்டுமே. ஆற்றுச் சமவெளிகளில் காணப்படும் ஆழ்ந்த மணற்படுகை இங்கு இல்லாமையால், நிலத்தின்மேல் சேரும் எப்பொருளும் நீரில் கரையுமாயின், வெகுதொலைவு செல்லாமலும் பெருநீரில் கலந்து நீர்த்துப் போகாமலும் கிணற்றை அடைகிறது.

அவ்வாறு அடையும் பொருள்களுள் முதன்மையானது நைட்ரேட். பயிருக்கு உணவாகும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், உயிர்வளியுடன் சேர்ந்து நீரில் கரையும் வடிவம் பெறும்போது நைட்ரேட் எனப்படுகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024இல் வெளியிட்ட நீர்த்தர அறிக்கை, நாட்டில் ஆய்வு செய்யப்பட்ட நீர் மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் நைட்ரேட் குடிநீருக்கான வரம்பைக் கடந்திருப்பதையும், தமிழ்நாட்டில் அப்பங்கு மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டிருப்பதையும் காட்டியது; நைட்ரேட் மிக அதிகமாகக் காணப்பட்ட 15 மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற மாவட்டம், செஞ்சியைத் தன்னகத்தே கொண்ட விழுப்புரமே. இந்திய நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தல் கூடாது. யூரியாவை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு இச்செய்தியைக் கடந்துசெல்வது எளிது. ஆயினும் மாடும் ஆடும் மேயும் நிலத்தில் தழைச்சத்து எவ்வாறு நீரோடு நகர்கிறது என்பதை உணராமல், கிணற்றில் சேர்ந்ததன் காரணத்தை முழுமையாக அறிய இயலாது. அந்நகர்வின் வழிகளை விளக்குவதும், நீர் ஓடும் வேளையில் மண்ணில் உயிருள்ள வேர் இருக்கிறதா என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்று நிறுவுவதும் இவ்வுரையின் நோக்கம்.

தழைச்சத்தின் வடிவங்கள்

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜனாக இருந்தும், புல்லால் அதை நேரடியாக உண்ண முடியாது. கொழிஞ்சி, முயல் மசால், நரிப்பயறு போன்ற பயறினச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஏற்ற வடிவமாக மாற்றித் தருகின்றன. மின்னலும் மழையும் சிறிதளவைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இவ்வாறு மண்ணில் சேர்ந்த தழைச்சத்தின் பெரும்பகுதி, மக்கிய இலை, வேர், சாணம் ஆகியவற்றில் அங்ககப் பொருளாகக் கட்டுண்டு கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது முதலில் அம்மோனியமும், பின்னர் அதிலிருந்து நைட்ரேட்டும் பிறக்கின்றன.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே நீர்வழிப் பயணத்தின் திறவுகோல். அம்மோனியம் நேர்மின்னேற்றம் கொண்டது. களித்துகள்களும் மக்கும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஆகவே அம்மோனியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நைட்ரேட்டோ எதிர்மின்னேற்றம் உடையதாகையால் மண் அதைப் பற்றுவதில்லை. நீர் எங்குச் செல்கிறதோ அங்கெல்லாம் அதுவும் செல்கிறது. செஞ்சிப் பகுதியின் செம்மண்ணில் மணற்பாங்கு மிகுந்தும் மக்கு குறைந்தும் காணப்படும் இடங்களில் அம்மோனியத்தைப் பிடித்துவைக்கும் திறனே குறைவு. நைட்ரேட்டைத் தடுத்து நிறுத்தவோ வேரைத் தவிர வேறு காவல் இல்லை.

அம்மோனியத்தை நைட்ரேட்டாக்குவது உயிரினங்களின் செயல் என்பதை 1877இல் பிரான்சு நாட்டின் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்னும் இருவரும் நிறுவினர். மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே அவர்கள் கழிவுநீரை மெல்லக் கசியவிட்டனர்; இருபது நாள்வரை மாற்றம் ஏதும் தோன்றாதிருந்து, அதன்பின் அடியில் சொட்டிய நீரில் அம்மோனியா குறைந்து நைட்ரேட் தோன்றத் தொடங்கியது; குழாய்க்குள் குளோரோஃபார்ம் என்னும் மயக்க மருந்தின் ஆவியைச் செலுத்தியவுடன் மாற்றம் நின்றுபோனது. மயக்க மருந்து வெறும் வேதிவினையை நிறுத்தாது. அது நிறுத்தியது உயிர்களின் வேலையை. பின்னர் வினோகிராட்ஸ்கி என்னும் நுண்ணுயிரியலாளர் அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டினார். மாட்டுக் கொட்டகைக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள மண், ஷ்லோசிங் அமைத்த குழாயின் வேலையை ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்துகொண்டிருக்கிறது.

மேய்ச்சலின் பங்கு

மாடு உண்ணும் தழைச்சத்தில் பாலாகவும் சதையாகவும் தங்குவது சிறுபங்கே; முக்கால் பங்குக்கு மேல் சாணமாகவும் சிறுநீராகவும் நிலத்துக்குத் திரும்பிவிடுகிறது. இத்திரும்புதல் நிலமெங்கும் சீராகப் பரவுவதில்லை. தீவனத்தின் தன்மைக்கேற்ப ஒரு லிட்டர் மாட்டுச் சிறுநீரில் ஏறத்தாழ 5 முதல் 10 கிராம் வரை தழைச்சத்து உள்ளது. ஒருமுறை மாடு விடும் இரண்டு லிட்டர் அளவுள்ள சிறுநீர், ஒரு சதுர மீட்டரில் மூன்றிலொரு பங்கு பரப்பில் விழுந்து ஊறுகிறது. அச்சிறு திட்டின் கணக்கை ஹெக்டேர் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால், அங்கு விழுந்த தழைச்சத்து ஹெக்டேருக்குச் சில நூறு கிலோவுக்கு இணையாகிறது. நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படுவது ஹெக்டேருக்கு 120 முதல் 150 கிலோ என்பதை நோக்கினால், எந்தப் புல்லாலும் அத்திட்டிலுள்ள அனைத்தையும் உடனே உறிஞ்ச முடியாது என்பது புலனாகும். வெப்ப நாட்டு வெயிலில் அதன் கணிசமான பகுதி அம்மோனியா ஆவியாகக் காற்றில் கலக்கிறது. எஞ்சியது மழைக்காகக் காத்திருக்கிறது.

சிறுநீரில் உள்ள தழைச்சத்து பெரும்பாலும் யூரியாவாக இருப்பதால் ஓரிரு நாளில் அம்மோனியமாகிவிடும். சாணத்தில் உள்ளது நார்ப்பொருளோடு பிணைந்திருப்பதால் மெல்ல மெல்லவே விடுபடும். ‘ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்’ என்று உழவர் சொல்வது இவ்வேறுபாட்டை நன்கறிந்த சொல். இரவில் மந்தையை வயலில் அடைத்துக் கிடை அமர்த்தும்போது ஆட்டின் புழுக்கையோடு சிறுநீரும் வயலிலேயே இறங்குவதால் பயன் உடனே தெரிகிறது. மாட்டுச் சாணமோ குப்பைமேட்டில் கிடந்து, சிறுநீரைக் கொட்டகை மண்ணுக்கு விட்டுவிட்டு, நார்ப்பொருள் மிகுந்த பகுதியாக மட்டும் வயலுக்கு வருகிறது. வேகமாக விடுபடும் சத்தே வேகமாகக் கசிந்தும் போகும் என்பதால், கிடை ஓரிடத்தில் சில இரவுகளுக்கு மேல் தங்காமல் நகர்ந்துகொண்டிருப்பதும், கிடை எழுந்தவுடன் நிலத்தை உழுது பயிரிடுவதும் நீரைக் காக்கும் நெறிகளாகவும் அமைகின்றன.

வறண்ட மண்ணில் விழும் முதல் மழை

ஈரம் ஆண்டு முழுவதும் நிலவும் நாடுகளில் வகுக்கப்பட்ட கணக்குகள் இங்குப் பொருந்தாமைக்குக் காரணம், இந்நிலத்தின் நீண்ட வறட்சி. செஞ்சிப் பகுதி ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலும், எஞ்சியதில் பெரும்பகுதி ஆடி ஆவணி மாதங்களை ஒட்டிய மழையாகவும் பெய்கிறது. மாசி முதல் வைகாசி வரை மேல்மண் காய்ந்து, நுண்ணுயிர்களுள் பெரும்பகுதி மடிந்தோ உறங்கியோ கிடக்கிறது. இந்நிலையில் மழை விழுந்தால், மடிந்த உயிர்களின் உடற்பொருளும் வறட்சியில் நொறுங்கிய மக்கும் ஒரே வேளையில் கரைந்து, உயிர்த்தெழும் நுண்ணுயிர்களுக்கு விருந்தாகின்றன; சில நாள்களுக்குள் நைட்ரேட் திடீரெனப் பெருகுகிறது. கென்யாவில் மண் ஆய்வு செய்துவந்த பர்ச் என்பவர் இதை 1950களில் விரிவாக அளந்து வெளியிட்டார். 1958இல் வந்த அவருடைய கட்டுரைக்குப் பின் இந்நிகழ்வு உலகெங்கும் அவர் பெயராலேயே பர்ச் விளைவு என வழங்கப்படுகிறது. வறட்சி எவ்வளவு நீள்கிறதோ, அதற்கேற்ப மறுபடி நனையும்போது எழும் பெருக்கும் மிகுகிறது.

இங்குதான் புல்லின் பெருமை வெளிப்படுகிறது. அருகு, கொழுக்கட்டைப் புல் போன்ற பல்லாண்டுப் புற்கள் கோடையில் தழை காய்ந்தாலும் வேர்க்கட்டையில் உயிரை வைத்துக்கொண்டிருக்கின்றன. மழை விழுந்த ஓரிரு வாரத்தில் துளிர்த்து, பெருகிய நைட்ரேட்டை உறிஞ்சத் தொடங்குகின்றன. உழுது போட்ட வெற்று நிலத்திலோ, சீமைக் கருவேலம் புல்லை ஒழித்துவிட்ட புறம்போக்கிலோ, மாடுகள் மிதித்து இறுகிய கட்டாந்தரையிலோ, அவ்விரு வாரங்களில் நைட்ரேட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அடுத்த பெருமழை அதை வேரெட்டாத ஆழத்துக்கு அடித்துச் செல்கிறது. சீமைக் கருவேலமும் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் மரமே; ஆயினும், தன் கீழே புல்லை வளரவிடாமல் மண்ணுக்குச் சத்தைக் கூட்டும் மரம், மேல்மண்ணில் அச்சத்தைத் தடுத்துநிறுத்தும் வேர்வலையை அகற்றிவிடுகிறது.

கிணற்றடிக் கணக்கு

இப்பகுதியின் சிறப்புத் துன்பத்தை எளிய கணக்கொன்று தெளிவாகக் காட்டும். உக்கிய கருங்கல் நிலங்களில் மழையின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே நிலத்தடி நீராகச் சேரும் என்பது நிலத்தடி நீர் மதிப்பீட்டில் வழங்கும் அளவு. அவ்வகையில் 1000 மில்லிமீட்டர் மழைக்கு 100 மில்லிமீட்டர் நீர் கீழிறங்குகிறது. ஒரு ஹெக்டேரில் அது 10 லட்சம் லிட்டர். குடிநீர் வரம்பான 45 மில்லிகிராம் நைட்ரேட்டில் தழைச்சத்து மட்டும் ஏறத்தாழ 10 மில்லிகிராம். ஆகவே ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்கு 10 கிலோ தழைச்சத்து கசிந்தாலே, அங்கிருந்து கீழிறங்கும் நீர் வரம்பைத் தொட்டுவிடும். 45 கிலோ எடையுள்ள யூரியா மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து உள்ளது. 10 கிலோ என்பது அம்மூட்டையின் பாதிகூட இல்லை. பயிர் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதோ, நான்கைந்து கறவை மாடுகள் கட்டியிருக்கும் இடத்தில் ஊறியதோ இவ்வளவை எளிதில் கடந்துவிடும் என்பதை உணரும்போது, விழுப்புரம் மாவட்டம் பட்டியலில் இடம்பெற்றது வியப்பளிப்பதில்லை.

உரத்திலிருந்து வந்த நைட்ரேட்டையும் கால்நடைக் கழிவிலிருந்து வந்ததையும் வேறுபடுத்தி அறிய வழியுண்டு. நைட்ரஜன் அணுக்களில் மிகச் சில சற்றுக் கனமானவை. சிறுநீரும் சாணமும் வெயிலில் கிடக்கும்போது இலேசான அணுக்களைக் கொண்ட அம்மோனியா முந்தி ஆவியாகிவிட, எஞ்சியதில் கனமானவற்றின் பங்கு கூடிவிடுகிறது. காற்றின் நைட்ரஜனிலிருந்து ஆலையில் செய்யப்படும் யூரியாவில் அப்பங்கு காற்றில் உள்ளதை ஒட்டியே இருக்கும். கிணற்று நீரின் நைட்ரேட்டில் இவ்விகிதத்தை அளந்தால், குற்றம் வயலுடையதா கொட்டகையுடையதா என்பதைப் பெரும்பாலும் அறியலாம்.

நீர் செல்லும் மூன்று திசைகள்

நீர் கீழே மட்டும் செல்வதில்லை. பெருமழையில் மேய்ச்சல் தரையின் மேலோடும் வெள்ளம் சாணத்தையும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஏரியைச் சேர்கிறது. தேங்கிய ஏரியின் அடிச்சேற்றில் உயிர்வளி அற்றுப்போவதால், அங்கு வாழும் வேறுவகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள உயிர்வளியைப் பறித்துச் சுவாசித்து, நைட்ரஜனை மீண்டும் காற்றுக்கே அனுப்பிவிடுகின்றன. இதற்கு நைட்ரேட் நீக்கம் என்று பெயர். நீரைத் தூய்மைப்படுத்தும் இச்செயலில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறுவதும், அவ்வாயு கரிவளியைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலிமையுடன் புவியைச் சூடாக்குவதும் கருத்தில் கொள்ளத்தக்கன. ஆயினும் ஏரி தூர்ந்து, ஆழம் குறைந்து, ஆண்டில் சில வாரமே நீர் நிற்குமாயின், அந்நீக்கமும் குறையும். அதன் வண்டலை அள்ளி வயலில் இடும் பழக்கம் நின்றுபோனால், அடித்துவரப்பட்ட சத்து நிலத்துக்குத் திரும்பும் வழியும் அடைபடும்.

மூன்றாம் திசை மேல்நோக்கியது. கோடையில் மண்ணின் நுண்துளைகள் வழியே ஈரம் மேலேறி ஆவியாகும்போது, அதில் கரைந்திருந்த நைட்ரேட் மண்ணின் மேற்பரப்பில் உப்பாகப் பூக்கிறது. கால்நடைகள் நெடுங்காலம் கட்டப்பட்ட ஊர்ப்புறங்களில் இவ்வாறு பூத்த மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சியே வெடியுப்பு என்னும் பொட்டாசியம் நைட்ரேட் எடுக்கப்பட்டது. கரியும் கந்தகமும் சேர்ந்தால் அதுவே வெடிமருந்து. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வணிகக் கம்பெனிகள் பீகாரிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுசென்ற வெடியுப்பும் இப்படிப் பிறந்ததே. 1677இல் சிவாஜியிடம் வந்து, பின்னர் முகலாயர் படைகளின் நெடிய முற்றுகையைத் தாங்கி, பிரெஞ்சுக்காரரிடமும் ஆங்கிலேயரிடமும் கைமாறிய செஞ்சிக் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு இன்றும் நிற்கிறது. இன்று கிணற்றைக் கெடுக்கும் அதே பொருளுக்காக அன்று அரசுகள் போட்டியிட்டன. மிகையான இடத்தில் கேடாவது, வேண்டிய இடத்தில் செல்வமாகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

மாறிய நிலமும் மாறாத விதியும்

முன்னர் ஊர் மாடுகள் மந்தைவெளியிலும் ஏரிப் புறம்போக்கிலும் குன்றடியிலும் பரந்து மேய்ந்து, தம் கழிவைப் பரப்பிலே தூவிச் சென்றன. மேய்ச்சல் புறம்போக்கு வீட்டுமனையாகவும் வயலாகவும் கட்டடமாகவும் சுருங்கியபின், கறவை மாடுகள் கொட்டகையில் கட்டப்பட்டு, கோ-4, கோ-5 போன்ற கம்பு நேப்பியர் புல்லும் புண்ணாக்கும் கடையில் வாங்கிய தீவனமும் அவற்றின் முன் வந்து சேர்கின்றன. தொலைவிலிருந்து தீவனமாக வந்த தழைச்சத்து ஒரே இடத்தில் கழிவாகக் குவிகிறது. அவ்விடம் பெரும்பாலும் வீட்டுக் கிணற்றுக்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் அருகே இருக்கிறது. இது கறவை வளர்ப்போரின் பிழையன்று. நிலம் குறைந்த குடும்பங்களுக்குப் பாலே அன்றாட வருவாய். மேய்ச்சல் நிலத்தைக் காக்கத் தவறிய பொதுச் சமூகத்தின் சுமை, கறவை வைத்திருக்கும் வீட்டின் கிணற்றில் இறங்கியிருக்கிறது. ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊருக்கே மீட்டுத்தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் மாநிலங்களுக்கு ஆணையிட்டதை, நீர்ப் பாதுகாப்பின் நோக்கிலும் படிப்பது தகும்.

இச்சுமையின் கடுமை கைக்குழந்தைகள்மேல் விழுகிறது. நைட்ரேட் உடலுக்குள் நைட்ரைட்டாக மாறி, குருதியின் உயிர்வளி சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும்போது குழந்தையின் உடல் நீலம் பாய்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிணற்று நீரில் கரைத்த பாலுண்ட குழந்தைகளிடம் காம்லி என்னும் மருத்துவர் இதைக் கண்டு 1945இல் எழுதினார். நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். இவ்வுண்மை ஒவ்வொரு அங்கன்வாடியிலும் சொல்லப்பட வேண்டியது.

புல்லால் நைட்ரேட்டை உறிஞ்ச மட்டுமன்றி, அது உருவாவதையே தணிக்கவும் முடியும் என்பது அண்மைக் கால ஆய்வுகளின் அரிய செய்தி. தென்னமெரிக்க மேய்ச்சல் வெளிகளில் பயிரிடப்படும் ஆப்பிரிக்கப் புல்லான பிரேக்கியாரியா ஹியூமிடிகோலாவின் வேர் கசியவிடும் பிரேக்கியாலாக்டோன் என்னும் பொருள், அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களை அடக்கிவைப்பதை ஜப்பானிய, கொலம்பிய நிறுவனங்களைச் சேர்ந்த சுப்பாராவ் குழுவினர் 2009இல் வெளியிட்டனர். தமிழ்நாட்டிலோ, காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளின் கொறங்காடுகள் நெடுநாளைய சான்றாக நிற்கின்றன: கிளுவை வேலியிட்ட நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல மரமும், தானே முளைக்கும் பயறினச் செடிகளும் சேர்ந்து வளர, மாற்றி மாற்றி மேய்க்கப்படும் அந்நிலத்தில் மேலே புல்வேரும் கீழே மரவேருமாக இரண்டடுக்குக் காவல் அமைகிறது; புல்லுக்குத் தப்பிய நைட்ரேட்டை ஆழத்தில் மரம் பிடித்து, இலையாகவும் நெற்றாகவும் மேலே கொண்டுவருகிறது.

இவற்றிலிருந்து செஞ்சிப் பகுதிக்குப் பெறத்தக்க நெறிகள் சிலவே; ஆனால் தெளிவானவை. குப்பைக்குழியும் கொட்டகையும் கிணற்றின் மேட்டுப்பக்கத்தில் அமையலாகாது. கொட்டகைத் தரை கெட்டியாக்கப்பட்டு, கோமியம் தொட்டியில் தேக்கப்பட்டு, தீவனப் புல்லுக்கே பாய வேண்டும். குப்பைக்குழிக்கு மழைக்காலத்தில் கூரை வேண்டும். தீவனப் புல்லுக்கு யூரியாவைப் பெருமழைக்கு முன் மொத்தமாகக் கொட்டாமல், ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் சிறிது சிறிதாக இடுவது புல்லுக்கும் நீருக்கும் நலம். மிகையாக இட்டால் தாளிலேயே நைட்ரேட் தேங்கி மாட்டுக்கு நஞ்சாவதும் உண்டு. கிடை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கிணற்று நீரைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் சோதித்து, இரு அளவுகளையும் ஊராட்சியின் அறிவிப்புப் பலகையில் எழுதுவது, மழை எதை எடுத்துச் சென்றது என்பதை ஊரே அறிந்துகொள்ளும் வழி.

இவை யாவற்றிலும் பெரிய பணி, எஞ்சியுள்ள மேய்ச்சல் புறம்போக்கில் சீமைக் கருவேலத்தை அகற்றி, பல்லாண்டுப் புல்லையும் பயறினச் செடியையும் நிலைபெறச் செய்வது. தளவானூரைப் போன்ற ஊர்களில் அத்தகைய நிலத்தின் ஒவ்வொரு ஏக்கரும், முதல் மழையில் பெருகும் நைட்ரேட்டைப் பிடித்துப் புல்லாக்கி, அப்புல்லைப் பாலாக்கி, தன் கீழுள்ள நீரைத் தூய்மையாக விடுகிறது. மேய்ச்சல் நிலத்தைத் தரிசென்று பதிவேட்டில் எழுதிப் பிற பயன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் அதனால்தான் தவறானது. அது ஊரின் குடிநீர்த் திட்டத்தின் ஒரு பகுதி என்று கொள்ளப்பட்டு, அதற்குரிய சட்டக் காப்பையும் நிதியையும் பெற வேண்டும்.